உடையை 'உருவாக்கியவர்' என்றால் யார்?

ஒரு படத்தில் வந்த உடையோ முகமூடியோ படத்தைவிடப் பெரிய புகழ் அடைந்துவிடுவது உண்டு. முப்பது நாற்பது வருடம் கழித்து அது ஏலத்துக்கோ கண்காட்சிக்கோ வரும்போது ஒரு சண்டையும் கூடவே வரும். "அதை உருவாக்கியது நான்தான்" என்பார் ஒருவர். "அவர் அச்சில் வார்த்துக் கொடுத்தவர், அவ்வளவுதான்" என்பார் இன்னொருவர். ரசிகர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுவார்கள். ஒரு கட்சிக்கு அவர் ஏமாற்றுக்காரர், மறு கட்சிக்கு ஏமாற்றப்பட்ட கலைஞர்.

இப்படிப்பட்ட சண்டைகளை ஆர்வத்தோடு படித்துவருகிறவன் நான். பல சமயம் இரு தரப்பிலும் பெரிய பொய் எதுவும் இருப்பதில்லை. 'உருவாக்கினேன்' என்ற ஒரே சொல்லை ஆளுக்கொரு பொருளில் சொல்கிறார்கள். கேட்கிற நாம் அந்தப் பொருள்களைப் பிரித்துப் பார்க்காமல் தீர்ப்பு சொல்லிவிடுகிறோம். அதைப் பிரித்துப் பார்ப்பது எப்படி என்பதுதான் இந்தக் கட்டுரை.

முதலில் ஒரு வீடு

"இந்த வீட்டைக் கட்டியது யார்?" என்று கேட்டால், வீட்டுக்காரர் "நான்தான் கட்டினேன்" என்பார். ஒரு செங்கல்லைக்கூட அவர் தூக்கி வைத்திருக்க மாட்டார். இருந்தாலும் அவர் பொய் சொல்வதாக யாரும் நினைப்பதில்லை. வரைபடம் போட்ட பொறியாளர் அதே வீட்டைக் காட்டி "நான் கட்டிய வீடு" என்பார். கொத்தனாரும் அதையே சொல்வார், அதற்கு முழுத் தகுதியோடு.

மூன்று பேர், ஒரே வினைச்சொல், மூன்று பொருள். ஒருவர் கட்ட வைத்தார், ஒருவர் எப்படி இருக்கவேண்டும் என்று யோசித்தார், ஒருவர் கையால் எழுப்பினார். இது போதாதென்று இன்னும் இரண்டு விஷயம் உண்டு. பத்திரம் யார் பெயரில் இருக்கிறது? வாசலில் பதித்த கல்லில் யார் பெயர் இருக்கிறது? இந்த இரண்டுக்கும் வேலை செய்தவர் யார் என்பதோடு தொடர்பு இருக்கலாம், இல்லாமலும் போகலாம்.

திரைப்பட உடைக்கும் இதே கணக்குதான். வேலை, பெயர், உரிமை மூன்றும் தனித்தனிப் பாதையில் போகின்றன. வேலையை முடிவு செய்வது பட்டறை. பெயரை முடிவு செய்வது ஒப்பந்தமும் துறை வழக்கமும். உரிமையை முடிவு செய்வது சட்டம். இதை மனதில் வைத்துக்கொண்டால் பாதி குழப்பம் போய்விடும்.

ஒரு தலைக்கவசம் எத்தனை கை மாறியது

எல்லோருக்கும் தெரிந்த உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். 1977-ல் வந்த 'ஸ்டார் வார்ஸ்' படத்தின் வெள்ளைக் கவச வீரர்கள், ஸ்டார்ம்ட்ரூப்பர்கள். அந்தத் தலைக்கவசத்துக்கான சண்டை பிரிட்டனின் உச்ச நீதிமன்றம் வரை போனது. அதனால் யார் என்ன செய்தார் என்பது சாட்சி, விசாரணை, தீர்ப்பு என்று பதிவாகியிருக்கிறது. இப்படி ஒரு முழுப் பதிவு வேறு உடைகளுக்குக் கிடைப்பது அரிது.

முதல் கை இயக்குநர் ஜார்ஜ் லூகாஸுடையது. கதையும், வெள்ளை உடுப்பில் வரும் முகம் தெரியாத படைவீரர்கள் என்ற எண்ணமும் அவருடையவை. அடுத்தது ஓவியர் ரால்ஃப் மெக்குவாரி. அவர் வரைந்தவை கருத்தோவியங்கள். படப்பிடிப்புக்கு வெகு முன்பே, காட்சி எப்படித் தோன்றவேண்டும் என்று காட்டுவதற்காக வரையும் ஓவியத்துக்குத்தான் கருத்தோவியம் என்று பெயர். இங்கேதான் முதல் சிக்கல். ஓவியம் தட்டையானது. முன்பக்கத்தையோ ஒரு பக்கவாட்டையோ காட்டும். பின்னந்தலை எப்படி வளைகிறது, கண் பகுதி எவ்வளவு ஆழம், ஒரு மனிதத் தலை உள்ளே எப்படி நுழையும் என்பதையெல்லாம் ஓவியம் சொல்லாது. யாராவது ஒருவர் கையில் களிமண்ணை எடுத்து முடிவு செய்யவேண்டும்.

அப்படி எடுத்தவர் நிக் பெம்பர்டன் என்ற சுதந்திரக் கலைஞர் என்பது நீதிமன்றத்தின் முடிவு. ஓவியங்களைப் பார்த்துக் களிமண்ணில் தலைக்கவசத்தின் மாதிரியைச் செய்தார். லூகாஸுக்குத் திருப்தி வரும்வரை அது பலமுறை மாற்றப்பட்டது. உடலை மூடும் கவசத்துக்குக் களிமண் உருக்கொடுத்தவர் வேறொருவர், சிற்பி பிரையன் மியூர்.

அப்புறம் பெம்பர்டன் தனக்குத் தெரிந்த ஆண்ட்ரூ எய்ன்ஸ்வொர்த்தை அணுகினார். எய்ன்ஸ்வொர்த் வெற்றிட வார்ப்பில் தேர்ந்தவர். வெற்றிட வார்ப்பு என்பது இதுதான்: பிளாஸ்டிக் தகட்டைச் சூடாக்கி இளக வைத்து, அச்சின் மேல் போர்த்தி, அடியிலிருந்து காற்றை உறிஞ்சினால், தகடு அச்சோடு ஒட்டிப் படிந்து அதன் வடிவத்தை எடுத்துக்கொள்ளும். கேட்கச் சுலபமாக இருக்கிறது, செய்வது சுலபமல்ல. உள்பக்கமாக மடங்கும் வளைவு இருந்தால் ஆறிய பிளாஸ்டிக் அச்சிலிருந்து கழன்று வராது. அதனால்தான் அந்தத் தலைக்கவசம் ஒரே வார்ப்பாக இல்லை. முகப்பகுதி ஒரு துண்டு, உச்சியும் பின்தலையும் இன்னொரு துண்டு. இரண்டும் சேரும் இடத்தைக் காதுபோல இருக்கும் பாகங்கள் மூடுகின்றன. நாம் திரையில் பார்த்து ரசிக்கும் அந்த முகத்தில் செய்முறையின் கட்டாயமும் கலந்திருக்கிறது. எய்ன்ஸ்வொர்த் படத்துக்காக 50 தலைக்கவசங்கள் செய்து கொடுத்தார்.

இத்தனைக்கும், உடை வடிவமைப்பாளர் என்று படத்தில் பெயர் வந்தவர் இவர்களில் யாரும் இல்லை. அவர் ஜான் மோல்லோ. ராணுவச் சீருடைகளின் வரலாற்றைக் கரைத்துக் குடித்தவர். அந்தப் படத்துக்காக ஆஸ்கர் விருது வாங்கியவரும் அவரே.

இதுவரை பார்த்தது: ஒரு தலைக்கவசத்துக்கு எண்ணம், ஓவியம், களிமண் உரு, வார்ப்பு, ஒட்டுமொத்த மேற்பார்வை என்று ஐந்து அடுக்கு வேலை. ஐந்தும் ஐந்து பேர். 'உருவாக்கினேன்' என்று இவர்களில் யார் சொன்னாலும் அதில் ஓரளவு உண்மை இருக்கும்.

சண்டை எப்படி வெடித்தது

2004-ல் எய்ன்ஸ்வொர்த் தன்னிடம் இருந்த பழைய கருவிகளைக் கொண்டு தலைக்கவசங்களையும் கவசங்களையும் மறுபடி செய்து விற்கத் தொடங்கினார். அமெரிக்காவுக்கும் சில போயின. லூகாஸ்ஃபிலிம் நிறுவனம் வழக்குப் போட்டது. 2006-ல், அவர் எதிர்வாதம் வைக்காத நிலையில், கலிஃபோர்னியா நீதிமன்றம் 2 கோடி டாலர் இழப்பீடு என்று தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பை பிரிட்டனில் நிறைவேற்ற முடியவில்லை. அதனால் அங்கேயும் வழக்கு நடந்தது. 2008-ல் உயர் நீதிமன்றம், 2009-ல் மேல்முறையீடு, 2011 ஜூலையில் உச்ச நீதிமன்றம்.

தலைக்கவசத்தைத் தானே உருவாக்கியதாகவும், அதனால் உரிமை தன்னுடையது என்றும் எய்ன்ஸ்வொர்த் வாதாடினார். அந்த வாதம் தோற்றது. பெம்பர்டனின் களிமண் மாதிரியிலிருந்துதான் அவர் வேலை செய்தார் என்று நீதிமன்றம் சொன்னது. ஆனாலும் வழக்கின் மையமான கேள்வியில் அவரே ஜெயித்தார். பிரிட்டனில் அவர் தலைக்கவசங்களை விற்பது பதிப்புரிமை மீறல் இல்லை என்று தீர்ப்பானது.

உருவாக்கியவர் இல்லை என்று சொல்லப்பட்டவர் எப்படி ஜெயித்தார்? இந்த இடத்தில்தான் பலரும் தடுமாறிப்போகிறார்கள். இதைப் புரிந்துகொள்ளப் பதிப்புரிமை எதைக் காக்கிறது என்று பார்க்கவேண்டும்.

பதிப்புரிமை எதைக் காக்கிறது, எதைக் காப்பதில்லை

தமிழில் 'காப்புரிமை' என்ற சொல்லை எல்லாவற்றுக்கும் போட்டுவிடுகிறோம். அதனால் வரும் குழப்பம் கொஞ்சநஞ்சமில்லை. காப்புரிமை என்பது புதிய கண்டுபிடிப்புக்கு, அதாவது ஒரு இயந்திரம், ஒரு செய்முறை போன்றவற்றுக்குக் கிடைப்பது. கதை, ஓவியம், சிற்பம், இசை போன்ற படைப்புகளைப் பிறர் நகலெடுக்காமல் தடுக்கும் உரிமைக்குப் பதிப்புரிமை என்று பெயர். உடைச் சண்டைகளில் பெரும்பாலும் வருவது இரண்டாவதுதான்.

சரி, உடை ஒரு படைப்பா? உடையை வரைந்த ஓவியம் படைப்பு, அதில் சந்தேகமில்லை. அதைப் பார்த்துச் செய்த உடை? பல நாட்டுச் சட்டங்கள் இங்கே தயங்கி நிற்கின்றன. உடை என்பது உடுத்துவதற்கு. பயன்பாட்டுக்கான பொருள்களுக்குப் பதிப்புரிமையை அள்ளிக் கொடுத்தால், நாற்காலி முதல் சட்டை வரை எதையும் யாரும் பல பத்தாண்டுகளுக்குத் தொட முடியாது என்ற கவலைதான் காரணம். அப்படிப்பட்ட பொருள்களுக்கு வடிவமைப்பு உரிமை என்று இன்னொரு வகை உரிமை உண்டு. ஒரு பொருளின் தோற்றத்தை, பதிப்புரிமையைவிட மிகக் குறுகிய காலத்துக்குக் காக்கும் உரிமை அது.

ஆக, வழக்கின் கேள்வி இப்படி ஆனது: அந்தத் தலைக்கவசம் சிற்பமா, இல்லையா? சிற்பம் என்றால் நீண்ட காலப் பதிப்புரிமை உண்டு. இல்லையென்றால் குறுகிய காலப் பாதுகாப்புதான், அந்தக் காலமும் எப்போதோ முடிந்துவிட்டது.

உயர் நீதிமன்ற நீதிபதி சொன்ன ஒரு உதாரணம் எனக்கு மிகவும் பிடித்தது. ஒரு கலைக்கூடத்தில் கலைஞர் ஒருவர் செங்கற்களை அடுக்கி இரண்டு வாரம் காட்சிக்கு வைத்தால் அது சிற்பம். அதே செங்கற்கள் கட்டட வேலைக்காக வீட்டு வாசலில் இரண்டு வாரம் கிடந்தால் அது சிற்பமில்லை. பொருள் ஒன்றுதான், எந்த நோக்கத்துக்காக வைத்தார்கள் என்பது வேறு. உச்ச நீதிமன்றமும் இந்த வழியிலேயே போனது. கலைப்படைப்பு என்பது அந்தப் படம். தலைக்கவசம் அந்தப் படத்தைத் தயாரிக்கும் வேலையில் பயன்பட்ட ஒரு பொருள். ஆகவே அது சிற்பமில்லை.

இதைப் படித்துவிட்டு "தலைக்கவசத்தைப் படைத்தவர் எய்ன்ஸ்வொர்த் என்று நீதிமன்றமே சொல்லிவிட்டது" என்று சொல்பவர்கள் உண்டு. அது தவறு. யார் உருவாக்கினார் என்ற கேள்வியில் அவர் தோற்றார். இதற்கு உரிமை இருக்கிறதா என்ற கேள்வியில் ஜெயித்தார். இரண்டும் வேறு வேறு கேள்விகள். அமெரிக்கப் பதிப்புரிமை பற்றிய புகாரை பிரிட்டிஷ் நீதிமன்றத்தில் விசாரிக்கலாம் என்றும் அதே தீர்ப்பு சொன்னது. அதாவது அந்தப் பகுதியில் லூகாஸ்ஃபிலிம் பக்கம்.

நாட்டுக்கு நாடு கோடு வேறு இடத்தில் விழுகிறது. அமெரிக்காவில் முகமூடியைச் சிற்பம் போலப் பதிவு செய்ய முடியும். முழு உடை பயன்பாட்டுப் பொருள் என்று கருதப்படும். அதிலிருந்து தனியாகப் பிரித்துப் பார்க்கக்கூடிய ஓவியமோ வேலைப்பாடோ இருந்தால் அந்தப் பகுதிக்கு மட்டும் உரிமை உண்டு.

வேலை செய்தவருக்கே உரிமை ஏன் இல்லை

இன்னொரு கேள்வி மிச்சம் இருக்கிறது. களிமண்ணைத் தொட்டவர், தைத்தவர், வரைந்தவர் இவர்களுக்கு ஏன் உரிமை போவதில்லை?

மாதச் சம்பளத்தில் இருக்கும் ஒருவர் வேலையின் பகுதியாகச் செய்யும் படைப்புக்கு, பெரும்பாலான நாடுகளில் முதலாளியே முதல் உரிமையாளர். அமெரிக்கச் சட்டம் இன்னும் ஒரு படி மேலே போகிறது. அங்கே இதற்குப் பணிப்படைப்பு என்ற கருத்து உண்டு. அப்படிப்பட்ட படைப்புக்குச் சட்டத்தின் கண்ணில் நிறுவனமே ஆசிரியர். வரைந்த கை யாருடையது என்பது அந்தக் கணக்கில் வராது.

வெளியிலிருந்து வந்து செய்து கொடுக்கும் சுதந்திரக் கலைஞரின் நிலை வேறு. பொதுவாக அவர் எழுதிக் கொடுத்தால்தான் உரிமை கைமாறும். படத்துறையில் அவசரம் அதிகம், பழைய படங்களில் கையெழுத்துக் காகிதம் குறைவு. வருடங்கள் கழித்து வெடிக்கும் சண்டைகளுக்கு இது ஒரு பெரிய காரணம். எய்ன்ஸ்வொர்த் வழக்கிலும், உரிமை என்று ஏதாவது இருந்திருந்தால் அது படத்தரப்புக்கே போகவேண்டும் என்பதுதான் அந்த ஏற்பாட்டின் உள்ளர்த்தம் என்று நீதிமன்றம் எடுத்துக்கொண்டது.

சுருக்கமாக: உரிமை என்பது 'யார் செய்தார்' என்பதைவிட 'எந்த ஏற்பாட்டில் செய்தார்' என்பதைப் பார்க்கிறது.

பெயர் என்பது வேறு கதை

பணத்தைவிடப் பெயருக்காக நடந்த சண்டைகள்தான் என்னை அதிகம் பாதித்தவை. ஒன்றை மட்டும் விரிவாகச் சொல்கிறேன்.

1954-ல் யுனிவர்சல் நிறுவனம் 'க்ரீச்சர் ஃப்ரம் தி பிளாக் லகூன்' என்ற படத்தை வெளியிட்டது. செவுளும் செதிலுமாக, பாதி மீன் பாதி மனிதனாக ஒரு உயிரினம். நடிகர் உள்ளே புகுந்து நீந்தும்படி செய்யப்பட்ட முழு உடை அது. அந்த உயிரினத்தின் தோற்றத்தை வடிவமைத்தவர் மில்லிசென்ட் பாட்ரிக். அதற்குமுன் டிஸ்னியில் அனிமேஷன் வேலை செய்தவர். தலையைச் செதுக்கியவர் கிறிஸ் ம்யூலர், உடையைக் கட்டி எழுப்பியவர் ஜாக் கெவன். ஆனால் திரையில் வந்தது ஒப்பனைத் துறையின் தலைவர் பட் வெஸ்ட்மோரின் பெயர். துறைத் தலைவர் பெயரைப் போடுவது அன்றைய ஸ்டூடியோ வழக்கம்.

படத்தை விளம்பரப்படுத்த மில்லிசென்டை ஊர் ஊராக அனுப்ப நிறுவனம் திட்டமிட்டது. 'விலங்கைப் படைத்த அழகி' என்பது முதலில் வைத்த விளம்பர வாசகம். வெஸ்ட்மோர் எதிர்த்தார். 'விலங்குகளோடு வாழும் அழகி' என்று அதை மாற்றினார்கள். 'படைத்த' என்ற ஒரு சொல்லை எடுத்துவிட்டார்கள். போன இடங்களில் அவர் வெஸ்ட்மோருக்குப் பெருமை சேர்த்தே பேசினார். அப்படியும் வெஸ்ட்மோர் அவருக்கு அதன்பின் வடிவமைப்பு வேலை தரவில்லை. 1998-ல் மில்லிசென்ட் இறந்தபோது, அந்த உயிரினத்தை உலகமே அறிந்திருந்தது, அவரை அறிந்தவர்கள் சொற்பம். 2019-ல் அவரைப் பற்றி ஒரு வாழ்க்கை வரலாற்று நூல் வந்த பிறகே பலருக்கும் அந்தப் பெயர் தெரிந்தது.

இதில் எந்த நீதிமன்றமும் தலையிடவில்லை. உரிமை நிறுவனத்துடையது என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. பறிபோனது பெயர் மட்டும். ஒரு கலைஞருக்கு அடுத்த வேலையை வாங்கித் தருவது பெயர்தான். அதனால் "பெயர்தானே போனது" என்று யாராவது சொன்னால் எனக்கு மனம் ஒப்புவதில்லை.

அதே வருடம் வந்த 'சப்ரினா' படத்தில் வேறு மாதிரி நடந்தது. நடிகை ஆட்ரி ஹெப்பர்ன் பாரிஸுக்குப் போய், ஊபேர் த ஜிவான்ஷி என்ற இளம் வடிவமைப்பாளரிடம் சில உடைகளைத் தேர்ந்தெடுத்தார். படத்தில் பெயர் வந்தது ஸ்டூடியோவின் எடித் ஹெட்டுக்கு. சிறந்த உடை வடிவமைப்புக்கான ஆஸ்கரும் அவருக்கே. தோளில் முடிச்சிட்ட அந்தக் கறுப்பு உடை யாருடையது என்ற பேச்சு பல பத்தாண்டுகள் ஓடியது. 1981-ல் எடித் ஹெட் இறந்த பிறகு, வடிவம் தன்னுடையது என்றும், தைத்தது ஸ்டூடியோவில் என்றும் ஜிவான்ஷி சொன்னார். மறுபடியும் பாருங்கள்: வடிவம் ஒருவர், தையல் இன்னொருவர் மேற்பார்வை, விருது ஒரு பெயருக்கு. 1957-ல் வந்த 'ஃபன்னி ஃபேஸ்' படத்துக்கு இருவர் பெயரும் சேர்ந்தே பரிந்துரைக்கப்பட்டன.

பழங்காலத்தோடு முடிந்துவிட்ட விஷயமும் இல்லை இது. 2010-ல் 'பிளாக் ஸ்வான்' வந்தபோது, பாலே ஆடைகளில் ரோடார்ட்டே என்ற ஆடை வடிவமைப்பு நிறுவனத்தின் சகோதரிகளுக்கு எவ்வளவு பங்கு, படத்தின் உடை வடிவமைப்பாளர் ஏமி வெஸ்ட்காட்டுக்கு எவ்வளவு பங்கு என்று பத்திரிகைகளில் பெரிய விவாதமே நடந்தது.

ஒருவர் உரிமை கோரும்போது எதைப் பார்க்கவேண்டும்

அவர் எந்தப் பொருளில் 'உருவாக்கினேன்' என்கிறார் என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். யோசித்தாரா, வரைந்தாரா, உருக்கொடுத்தாரா, செய்தாரா, மேற்பார்த்தாரா? இதைப் பிரித்துவிட்டால் பாதிச் சண்டை அங்கேயே அடங்கிவிடும்.

அதன்பிறகுதான் ஆதாரம். தேதியிட்ட வரைபடம், பட்டறையில் எடுத்த புகைப்படம், அன்றைய பில், சம்பளப் பதிவு இவற்றுக்கு எடை அதிகம். முப்பது வருடம் கழித்துச் சொல்லப்படும் நினைவுக்கு எடை குறைவு. சொல்பவர் நேர்மையானவராக இருந்தாலும் அப்படித்தான். தன் கையால் ஐம்பது முறை செய்த பொருளைத் தன் கற்பனையாகவே மனம் நினைக்கத் தொடங்கிவிடும். அச்சிலிருந்து பொருள் வெளியே வந்த தருணம் நன்றாக நினைவிருக்கும், தனக்கு முன்னால் ஒரு களிமண் மாதிரி மேசையில் இருந்தது மங்கிப்போகும். விருதுப் பட்டியலையும் திரையில் வரும் பெயரையும் ஆதாரமாக எடுக்கும்போதும் கவனம் வேண்டும். யாருக்குப் பெயர் கொடுக்க ஒப்புக்கொண்டார்கள் என்பதை அவை உறுதியாகச் சொல்லும், களிமண்ணைத் தொட்டது யார் என்பதைச் சொல்லாது.

ஜான் மோல்லோவுக்கு 'ஸ்டார் வார்ஸ்' விருது கிடைத்தபோது அதில் அவர் பெயர் மட்டும் இருந்தது. 1983-ல் அவர் இரண்டாவது ஆஸ்கர் வாங்கினார், 'காந்தி' படத்துக்காக. அந்த விருதில் இரண்டு பெயர்கள் இருந்தன. இன்னொரு பெயர் பானு அத்தையா. ஆஸ்கர் வாங்கிய முதல் இந்தியர் அவர்தான்.